குதிரையில் கடலோரமும் மலையும்: பல நாள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோரத்தில் தொடங்கி மலைக்குள் ஏறி, பல நாட்கள் குதிரையிலேயே போகும் பயணங்களைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பல பதில்களில் உங்கள் சௌகரியத்தைவிடக் குதிரையின் முதுகைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பேன். முதல் நாள் நன்றாக இருந்த முதுகு நான்காம் நாளும் நன்றாக இருந்தால்தான் பயணமே நடக்கும்.

பல நாள் குதிரைப் பயணம்னா என்ன? காலைல ஏறினா ராத்திரி வரைக்கும் இறங்கவே முடியாதா?

இறங்கலாம். வழக்கமாக ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரம் குதிரைமேல் இருப்பீர்கள். நடுவில் நீண்ட மதிய ஓய்வு உண்டு. நல்ல குழுவாக இருந்தால் அப்போது சேணத்தைக் கழற்றிவிட்டுக் குதிரைகளை மேயவிடுவார்கள். இரவு விடுதியிலோ கூடாரத்திலோ தங்கல். உங்கள் பைகள் வண்டியில் முன்னே போய்விடும். வண்டி போகாத மலைப்பகுதி என்றால் சுமைக்குதிரைகள் கூடவே வரும்.

தினமும் வேறு இடத்தில் தங்கி முன்னேறிப் போவது ஒரு வகை. ஒரே இடத்தில் தங்கி, தினம் ஒரு திசையில் போய்த் திரும்புவது இன்னொரு வகை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒரு நாள் உடம்பு முடியவில்லை என்றால் அறையிலேயே படுத்துக்கொள்ளலாம். முன்னேறிப் போகும் பயணத்தில் உங்களுக்காக யாரும் நிற்க முடியாது.

நான் இதுவரைக்கும் குதிரை ஏறினதே இல்லை. நேரா இதுக்கே வந்துடலாமா?

வேண்டாம். ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து போவது எல்லோராலும் முடியும். ஆறு மணி நேரம் உட்காரும்போது, உட்காரத் தெரியாதவரின் எடை முழுவதும் குதிரையின் முதுகில் தடதடவென்று விழுந்துகொண்டே இருக்கும். உங்களுக்கு வலிப்பதற்கு முன்பே அதற்கு வலிக்கத் தொடங்கிவிடும்.

“அனுபவம் தேவையில்லை” என்று விளம்பரம் செய்யும் பயணங்களும் இருக்கின்றன. முழுக்க நடையில் போய், தினம் இரண்டு மூன்று மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால் சரி. அதே விளம்பரத்தில் கடற்கரையில் வேகமாக ஓட்டலாம் என்றும் போட்டிருந்தால் விலகிவிடுங்கள்.

அப்போ எவ்வளவு கத்துக்கிட்டு வரணும்?

மணிக்கணக்கு சொல்வதைவிட, என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பிறர் உதவியின்றி ஏறி இறங்க வேண்டும். மூன்று நடைகளிலும் குதிரை உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்: நான்கு தாளத்தில் விழும் சாதாரண நடை, இரண்டு தாளத்தில் துள்ளும் டிராட், மூன்று தாளத்தில் ஓடும் கேன்டர். டிராட்டின்போது தாளத்துக்கு எழுந்து உட்காரத் தெரிய வேண்டும். மைதானத்துக்கு வெளியே, மேடு பள்ளத்தில், மற்றக் குதிரைகள் முன்னால் ஓடும்போதும் உங்கள் குதிரையை நிறுத்த முடிய வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். வேலி போட்ட மைதானத்தில் அடங்கிப் போகும் குதிரை திறந்த வெளியில் வேறு குதிரையாகிவிடும்.

என் எடை 90 கிலோ. குதிரை தாங்குமா?

சரியான குதிரை கிடைத்தால் தாங்கும். சவாரி செய்பவர், சேணம், பை எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 2008இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்டுக் குதிரைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 15, 20 சதவீதச் சுமையைவிட 25, 30 சதவீதச் சுமையில் இதயத்துடிப்பும் தசை வலியின் அறிகுறிகளும் தெளிவாகக் கூடியிருந்தன. 90 கிலோ ஆளும் 12 கிலோ சேணமும் சேர்ந்தால் 102 கிலோ. அதற்கு 510 கிலோவுக்குக் குறையாத குதிரை வேண்டும். அந்தச் சோதனை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான சவாரியில் நடந்தது. பல நாள் மலையேற்றத்துக்கு 20 சதவீதத்துக்கும் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது.

பதிவு செய்யும்போது உயரம், எடை கேட்பார்கள். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்தாறு கிலோ குறைத்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். அதை நம்பித்தான் உங்களுக்கு எந்தக் குதிரை, எந்தச் சேணம் என்று ஒதுக்குகிறார்கள். எடையையே கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள்.

ஒரு நாளைக்கு 25, 30 கிலோமீட்டர்தானா? குதிரைன்னா இன்னும் வேகமா போகாதா?

போகும், ஆனால் நாள் முழுக்கப் போகாது. நடையில் ஒரு குதிரை மணிக்கு ஆறு கிலோமீட்டர் அளவில் போகும். டிராட் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. தரை நன்றாக இருக்கும் இடங்களில் டிராட்டும் கொஞ்சம் கேன்டரும், மற்றபடி நடை. ஏற்ற இறக்கம் உள்ள நிலத்தில் இந்தக் கலவையில் 25 முதல் 35 கிலோமீட்டர் என்பதே நிறைவான ஒரு நாள்.

டிராட் பற்றி ஒரு விஷயம், பலருக்கும் யாரும் சொல்லித்தருவதில்லை. நீங்கள் எழுந்து உட்காரும்போது, குதிரையின் குறிப்பிட்ட ஒரு ஜோடிக் கால்கள் ஊன்றும்போதே ஒவ்வொரு முறையும் உட்கார்கிறீர்கள். நாள் முழுக்க அப்படியே போனால் சுமை ஒரே பக்கமாக ஏறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, ஒரு தாளம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு எழுந்தால் ஜோடி மாறிவிடும். சின்ன வேலைதான், மாலையில் குதிரையின் முதுகில் அதன் பலன் தெரியும்.

உட்கார்ற இடம் புண்ணாயிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

கவனிக்காவிட்டால் ஆகும். இடுப்பெலும்பு சேணத்தில் அழுந்தும் இடம், முழங்காலின் உள்பக்கம், கெண்டைக்காலில் அங்கவடியின் (கால் வைக்கும் வளையம்) வார் உரசும் இடம் ஆகிய மூன்றும்தான் முதலில் சிவக்கும். பெரும்பாலும் குற்றவாளி துணியின் தையல். ஜீன்ஸின் உள்தொடைத் தையல் இரண்டாம் நாளே தோலை எடுத்துவிடும். சவாரிக்கென்றே தைத்த, உள்பக்கம் தையல் இல்லாத கால்சட்டையும், தையல் இல்லாத உள்ளாடையும் வாங்கிக்கொள்ளுங்கள். உரசும் இடத்தில் காலையிலேயே வாசலின் தடவுங்கள். சிவந்த பிறகு தடவுவது தாமதம்.

கடலோரப் பயணத்தில் இன்னொரு தொல்லை உண்டு. உப்புநீரில் நனைந்த துணி காய்ந்ததும் உப்பு துணியிலேயே தங்கிவிடும். அதோடு அடுத்த நாள் ஏறினால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி இருக்கும். அன்றன்றைக்கு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். சேணத்தைக் கட்டும் வயிற்று வாரும் அதன் கீழ் வரும் குதிரையின் தோலும்கூட அப்படியே. நல்ல தண்ணீரால் அந்த இடத்தைக் கழுவுகிறார்களா என்று பாருங்கள். கழுவவில்லை என்றால் நீங்களே கேட்டு வாங்கிக் கழுவுங்கள்.

ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் அவங்களே குடுப்பாங்களா? சைக்கிள் ஹெல்மெட் போதாதா?

சைக்கிள் ஹெல்மெட் போதாது. குதிரைச் சவாரிக்கான ஹெல்மெட் தலையின் பின்பக்கம் நன்றாக இறங்கி வரும். சோதனை முறையும் வேறு. ஈ.என். 1384, ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 போன்ற தர முத்திரை உள்ளே ஒட்டியிருக்கும். இரவல் ஹெல்மெட் எங்கெங்கே விழுந்ததோ நமக்குத் தெரியாது. ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கும். வாங்குவதற்கு ஒரே ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை வாங்குங்கள்.

காலணிக்குக் குதிகால் வேண்டும், அடிப்பாகம் வழவழப்பாக வேண்டும். குதிகால் இல்லாத ஷூ அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும். விழுந்தால் கால் மாட்டிக்கொண்டு குதிரை இழுத்துக்கொண்டு போகும். தடித்த அடிப்பாகமுள்ள மலையேற்ற பூட்ஸும் இறுகி மாட்டிக்கொள்ளும். பெண்கள் நன்றாகத் தாங்கும் விளையாட்டு உள்ளாடை இல்லாமல் வர வேண்டாம். டிராட் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் காரணம் புரியும்.

சேணப் பையில என்ன வச்சுக்கலாம்?

தண்ணீர், மழைக்கோட்டு, சன்ஸ்கிரீன், சின்ன முதலுதவிப் பை. இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சேணம் மெல்ல மெல்லச் சரியும். போனைச் சேணப் பையில் வைக்காமல் உங்கள் உடம்போடு வையுங்கள்; நீங்கள் ஓரிடத்திலும் குதிரை வேறிடத்திலும் இருக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும். சரசரவென்று சத்தம் போடும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு வேண்டாம். அதைக் குதிரைமேல் உட்கார்ந்து உதறிப் போடவே போடாதீர்கள்.

கடற்கரைல நல்லா வேகமா ஓட்டலாம்ல? அதுக்குத்தானே வர்றதே?

ஓட்டலாம். ஆனால் எந்த மணலில் என்பதுதான் கேள்வி. காய்ந்த மேட்டு மணலில் குளம்பு ஆழமாக இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் தாழ்ந்து, காலின் பின்பக்க நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடும். அங்கே வேகம் கொடுத்தால் கிழியும். கிழிந்த தசைநாண் ஆற மாதக்கணக்கு ஆகும். சில குதிரைகளுக்கு அதோடு வேலைக் காலமே முடிந்துவிடும். நீர் இப்போதுதான் வடிந்த, ஈரமாக இறுகிய பட்டைதான் ஓட்டுவதற்கு ஏற்றது. அங்கே குளம்புத் தடம் விளிம்பு உடையாமல் அச்சுப் போல விழும். தடம் குழைந்து மூடிக்கொண்டால் மணல் இளகல். கிளப்பும் நீரில் தடமே தெரியவில்லை என்றால் நீங்கள் அலைக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். நல்ல வழிகாட்டி முதலில் அந்த நீளம் முழுவதையும் நடையில் கடந்து, பள்ளம், வலை, கயிறு, புதைந்த கட்டை ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வந்து ஓடவிடுவார்.

நேரத்தை முடிவு செய்வது கடல். கடல்நீரின் இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறேகால் மணி நேரம். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் பின்னே தள்ளிப் போகும். நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் ஏற வேண்டியதில் பாதி ஏறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம். அகலமான மணலும் அன்றைக்குத்தான், பாறைச் சரிவுக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வதும் அன்றைக்குத்தான். இரண்டு முனைகளுக்கு நடுவே வெளியேற வழியில்லாத கடற்கரை என்றால், நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நுழைந்துவிட வேண்டும்.

குதிரையோட கடல்ல இறங்கலாமா?

முழங்கால் அளவு நீரில் கொஞ்ச நேரம் நடத்தலாம். பழகிய குதிரைக்குக் காலுக்குக் குளிர்ச்சி. பழகாத குதிரைக்கு அலை என்பது காலடியில் தரையே நகர்வது. அது நுரையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி மூக்கால் சீறும், நீர் பின்வாங்கும்போது பக்கவாட்டில் நகரும். அப்போது உதைத்து உள்ளே தள்ளாதீர்கள். பழகிய ஒரு குதிரையின் பக்கத்தில், கரையோடு இணையாகப் போய்க்கொண்டே மெல்ல நீருக்குள் சாய விடுங்கள். நின்ற இடத்தில் முன்னங்காலால் நீரைக் கிளற ஆரம்பித்தால் உடனே நடத்துங்கள், அடுத்தபடி படுத்துப் புரளப் போகிறது.

நீந்தவிட வேண்டும் என்றால் சேணத்தைக் கழற்ற வேண்டும். அது வழிகாட்டியோடு, அவர் சொல்லும் இடத்தில் மட்டும்.

மலைல இறங்கும்போது தலைகீழா விழுந்துடுவோம்னு தோணுது. என்ன பண்ணணும்?

முதலில், லகானை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறக்கத்தில் குதிரை தலையையும் கழுத்தையும் அசைத்துத்தான் சமநிலை பார்க்கும், காலடியையும் பார்க்கும். பயத்தில் நாம் செய்யும் முதல் காரியமே தலையை இழுத்து உயர்த்துவது. தொடர்பு விடாமல் லகானை நீளமாகக் கொடுங்கள். உடம்பை மரம்போல நேராக வைத்திருங்கள். பின்னால் படுத்தால் உங்கள் எடை குதிரையின் இடுப்புக்கு மேலே அழுந்தி அதன் பின்னங்கால்களைக் கட்டிப்போடும். குதிகாலைத் தாழ்த்தி, பார்வையைப் பாதையின் அடுத்த வளைவில் வையுங்கள். ஏற்றத்தில் மாறாக, கொஞ்சம் முன்சாய்ந்து, பிடரி மயிரை ஒரு கையில் பற்றிக்கொள்ளுங்கள். அதற்கு வலிக்காது.

சரிவை நேராக இறங்குவதே நல்லது. கோணலாக இறங்கும்போது சறுக்கினால் குதிரை பக்கவாட்டில் விழும். நேராகச் சறுக்கினால் பின்னங்காலில் உட்கார்ந்து எழுந்துவிடும். வளைந்து வளைந்து போகும் பாதையில் வளைவுகளைக் குறுக்கே வெட்டிப் போகாதீர்கள்.

நீண்ட இறக்கமாக இருந்தால் இறங்கி நடங்கள். சமதளத்தில் நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் கூடும், அதோடு நீங்களும். வழிகாட்டி சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே கேட்கலாம். நடக்கும்போது குதிரைக்கு நேர் முன்னால் போகாமல் தோளுக்குப் பக்கத்தில் நடங்கள்.

உயரத்துல மூச்சு வாங்குமா? குளிருமா?

2,500 மீட்டருக்கு மேல் தூங்கும் பயணம் என்றால் உயர நோய் பற்றி யோசிக்க வேண்டும்; அதற்குக் கீழே பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். காலையில் கடற்கரையில் வியர்த்துவிட்டு மதியம் மலைமேட்டில் நடுங்குவது நடக்கக்கூடியதுதான். குதிரையில் நம் உடம்பு நடப்பதைப் போல வேலை செய்வதில்லை, அதனால் குளிர் சீக்கிரம் ஏறும். மெல்லிய அடுக்குகளாக உடுத்துங்கள்.

முன்னாடி போற குதிரையை ஒட்டிப் போனா ஏன் திட்றாங்க?

உதை விழும், அதனால். ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விடுங்கள். உங்கள் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே முன்குதிரையின் பின்குளம்பு தெரிய வேண்டும். வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை, இன்னும் தள்ளி இருங்கள். குதிரைக்கு ஏறத்தாழ சுற்றிலும் பார்வை உண்டு, ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் தெரியாது. கீழே நிற்கும்போதும் பின்பக்கமாக அணுகாதீர்கள். குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கம் வாருங்கள்.

குதிரை மிரண்டு ஓட ஆரம்பிச்சா?

இரண்டு லகானையும் ஒரேயடியாகப் பிடித்துத் தொங்கினால் அது அந்த இழுப்பின்மேலேயே சாய்ந்து இன்னும் ஓடும். நிமிர்ந்து உட்கார்ந்து, இழுத்து விட்டு, இழுத்து விட்டுக் கேளுங்கள். கடற்கரை போன்ற திறந்த வெளியில் ஒரு லகானால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தால் வேகம் தானாகக் குறையும். குறுகிய மலைப்பாதையில் திருப்பவே கூடாது. அங்கே பிடரியைப் பிடித்துக்கொண்டு நேராக விடுங்கள். முன்குதிரையை எட்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும்.

விழுந்துவிட்டால் லகானை விட்டுவிட்டு உருண்டு விலகுங்கள். தலையில் அடி, மயக்கம், குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கு மீண்டும் ஏற வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல ஆளுங்களா, குதிரையை நல்லா வச்சிருக்காங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எடை கேட்கிறார்களா என்பதை முன்பே சொன்னேன். ஒரு பயணம் முடிந்தபின் குதிரைக்கு எத்தனை நாள் ஓய்வு, மாற்றுக் குதிரை கூட வருமா, ஒவ்வொரு குதிரைக்கும் தனிச் சேணமா என்றும் கேளுங்கள். நல்லவர்கள் இந்தக் கேள்விகளால் சந்தோஷப்படுவார்கள்.

நேரில் போனதும், மதியம் சேணத்தைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சேணத்தின் கீழே முதுகெலும்பின் இரு பக்கமும் வியர்வை ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஈரமாக இருந்து, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே சேணம் அழுத்துகிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இடத்தில் விரல்களை மெல்ல அழுத்திப் பாருங்கள். முதுகைத் தாழ்த்தி, காதைப் பின்னால் மடக்கினால் வலி இருக்கிறது. முதுகுமேட்டில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் அவை பெரும்பாலும் பழைய புண்ணின் தழும்புகள். வயிற்று வாரின் கீழே, குதிரையின் முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினால் அங்கே புண் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

குதிரை தண்ணி குடிக்க மாட்டேங்குது. தாகம் இல்லேன்னு விட்டுடலாமா?

விட்டுவிட வேண்டாம். குதிரையின் வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்பானது. நீரோடு உப்பும் சேர்ந்து போய்விடுவதால், உடம்பு வற்றினாலும் தாகம் எடுக்காமல் இருக்கலாம். அதனால் வழியில் நல்ல தண்ணீர் கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, அவசரப்படுத்தாமல் வாய்ப்பு கொடுக்க வேண்டும். ஒரு குதிரை தலை தூக்கினதும் கிளம்பிவிட்டால் குடித்துக்கொண்டிருக்கும் மற்றதும் பாதியில் விட்டுவிட்டு ஓடி வரும். எல்லாம் முடிக்கும்வரை நில்லுங்கள். வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது பழைய நம்பிக்கை, குடிக்கவிடலாம்.

என் சொந்த சேணம், ஹெல்மெட் எடுத்துட்டுப் போலாமா?

ஹெல்மெட் எடுத்துப் போங்கள். சேணம் வேண்டாம், அது அந்தக் குதிரையின் முதுகுக்குப் பொருந்த வேண்டுமே தவிர உங்களுக்கு மட்டும் அல்ல. நாட்டின் விதியையும் பாருங்கள். ஐஸ்லாந்தில், வெளியே போன குதிரையே திரும்ப நாட்டுக்குள் வர முடியாது. வேறு இடத்தில் பயன்படுத்திய சேணம், கடிவாளம், சவாரிக் கையுறைக்கும் அனுமதி இல்லை. சவாரி உடைகளைத் துவைத்துச் சுத்தம் செய்துதான் கொண்டுபோக வேண்டும். உள்ளூர்க் குதிரைகளுக்கு வெளிநோய்கள் பழக்கமில்லை என்பதே காரணம்.

சாதாரண பயண இன்ஷூரன்ஸ் போதுமா?

பல பாலிசிகளில் குதிரைச் சவாரி தனியாக விலக்கப்பட்டிருக்கும், அல்லது சில மணி நேரச் சவாரிக்கு மட்டும் பொருந்தும். பல நாள் சவாரி, மலையிலிருந்து மீட்பு, ஹெலிகாப்டர் மூன்றும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் கிளம்புமுன் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் சாதாரணமாக இருப்பது. முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம்.

குதிரை நொண்டுற மாதிரி இருக்கு, ஆனா வழிகாட்டி “ஒண்ணுமில்ல, வாங்க”ன்னு சொல்றார். நான் என்ன பண்றது?

இறங்கிவிடுங்கள். முதலில் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மலைப்பாதையில் பெரும்பாலும் லாடத்துக்குள் மாட்டிய கல்லாகத்தான் இருக்கும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கல் இல்லை என்றால், கெட்டியான சமதளத்தில் யாரையாவது குதிரையைக் கையில் பிடித்து டிராட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அதன் தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் என்றால் வலிக்கும் பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். இதைச் சுட்டிக்காட்டிச் சொன்னால் மறுப்பது கடினம்.

அப்படியும் ஏறச் சொன்னால், சத்தம் போடாமல், “நான் நடந்தே வருகிறேன்” என்று லகானைப் பிடித்துக்கொண்டு நடங்கள். மாற்றுக் குதிரை இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் வண்டியை வரச்சொல்லுங்கள். உங்களை வலுக்கட்டாயமாக யாரும் ஏற்ற முடியாது. நொண்டும் நடையை முப்பது நொடி போனில் வீடியோ எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். பயணத்தை நடத்துபவரிடம் அன்று மாலையே அதைக் காட்டிப் பேசுங்கள்.